அசோகர் ஆண்ட சோழநாடு: ஒரு கணினி விளையாட்டும் சில வரலாற்றுக் கேள்விகளும்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விளையாட்டின் திரையில் மணிக்கிராமம் என்றும் அஞ்சுவண்ணம் என்றும் இரண்டு கட்டடங்கள் எழும்பி, அவை இரண்டும் சேர்ந்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் வட்டாரமாக உருப்பெறும்போது, தமிழும் கல்வெட்டும் படித்த ஒருவர் அதைச் சும்மா பார்த்துக்கொண்டு போக முடியாது. முதுகலைத் தமிழ் வகுப்பில்கூட ஓரிரு நாள்களில் கடந்து போய்விடும் இப்பெயர்கள், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு வழியே, தமிழகத்தையே அறியாத இளைஞர்களின் வாயில் நுழைகின்றன. இதற்கு மகிழ்வதா, ஐயுறுவதா? இரண்டுக்கும் இடம் உண்டு என்பதே சில வாரங்கள் கணினியில் ஆடிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது.

விளையாட்டின் பெயர் 'சிவிலைசேஷன் 7'. ஃபிராக்சிஸ் நிறுவனம் உருவாக்க, 2025 பிப்ரவரி 11 அன்று வெளியானது. இத்தொடரின் முதல் விளையாட்டை 1991-இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் படைத்தார்கள். முறைவைத்து ஆடும் ஆட்டம் இது. ஒரு சிற்றூரில் தொடங்கி, உழவு, எழுத்து, உலோகம், கப்பல் எனப் படிப்படியாகக் கற்று, அண்டை அரசுகளோடு பேசியும் பொருதும் ஒரு நாகரிகத்தை வளர்த்தெடுக்க வேண்டும். இவ்வகை ஆட்டங்களுக்கு 1993-இல் ஆலன் எம்ரிக் என்னும் இதழாளர் ஒரு பெயர் சூட்டினார். தேடு, விரி, சுரண்டு, ஒழி என்னும் நான்கு வினைகளால் ஆன பெயர் அது. வகையின் பெயரிலேயே அதன் வரலாற்றுப் பார்வை ஒளிவுமறைவின்றி நிற்பதைக் கவனிக்கலாம்.

முதல் விளையாட்டிலிருந்தே இந்தியா இதில் உண்டு. அதன் தலைவர் காந்தி. கி.மு. 4000-இல் காந்தி ஒரு சிற்றூரை அமைப்பார்; அணுகுண்டுக் காலம் வரை அவரே ஆள்வார். காந்தி அணுகுண்டு வீசுவதில் ஆர்வம் காட்டுவது நிரலில் நேர்ந்த ஒரு பிழையால் என்னும் கதை இணையத்தில் நெடுங்காலம் உலவியது. அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சிட் மையர் 2020-இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். கதை பொய்யானாலும் அது பரவிய காரணம் மெய்யானது. இந்தியா என்னும் பெருநிலம் ஒரே முகமாக, ஒரே பெயராக, ஆறாயிரம் ஆண்டுகள் மாறாமல் நிற்பதில் உள்ள விந்தையை ஆடியவர்கள் உள்ளூர உணர்ந்திருந்தார்கள்.

ஏழாம் விளையாட்டு அந்த ஒற்றை முகத்தைக் கைவிட்டது. வெளியானபோது காந்தி அதில் இல்லை. இந்தியா என்று ஒரு தனித் தெரிவும் இல்லை. காலம் மூன்றாகப் பகுக்கப்பட்டது: தொன்மைக் காலம், நாடுகாண் காலம், நவீன காலம். ஒவ்வொரு காலத்தின் முடிவிலும் ஆடுபவர் தம் நாகரிகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் சார்பில் காலத்துக்கு ஒன்றாக மூன்று நாகரிகங்கள் வைக்கப்பட்டன: மௌரியர், சோழர், முகலாயர். 2021-இல் வந்த 'ஹியூமன்கைண்ட்' என்னும் வேறொரு விளையாட்டு இவ்வழியை முன்பே முயன்றிருந்தது. எனினும் முப்பது ஆண்டுப் பழக்கத்தை ஒரு மூத்த தொடரே உடைத்தது ஆடுபவர்களைக் கலங்கச் செய்தது. விளையாட்டு விற்கும் தளமான ஸ்டீமில் தொடக்க நாள்களில் பாராட்டும் வசையும் கலந்தே எழுதினார்கள். திரையின் பட்டியல்களும் குறிப்புகளும் தெளிவாக இல்லை என்பது பலரும் சொன்ன குறை. ஆடியபோது எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு கட்டடம் ஏன் இவ்வளவு பயன் தருகிறது என்பதை அறிய மூன்று இடங்களில் தேட வேண்டியிருந்தது. நிலக்காட்சியோ கண்ணைப் பறிக்கிறது. ஆற்றங்கரை நகரங்கள் கட்டம் கட்டமாகப் பெருகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மௌரியருக்குப் பின் சோழரா?

இவ்விளையாட்டில் நாகரிகம் வேறு, தலைவர் வேறு. அசோகரைத் தலைவராகத் தெரிந்துகொண்டு மௌரியரோடு தொடங்கினேன். தொன்மைக் காலம் முடிந்தது. அடுத்த நாகரிகமாகச் சோழரைத் தெரிந்தேன். இப்போது அசோகர் சோழப் பேரரசர்! தலைநகரின் பெயர் பாடலிபுத்திரம் என்றே நீடித்தது. சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் சிரித்து முடித்தபின் எழுகிற கேள்விகள் கனமானவை.

அசோகருக்கும் சோழருக்கும் மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டும் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டும் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. இரண்டாம் கல்வெட்டு சத்தியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் அவர்களோடு சேர்க்கிறது. இவர்கள் அனைவரும் பேரரசின் எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ உதவி இவர்களுடைய நாடுகளிலும் ஏற்படுத்தப்பட்டதாக அசோகர் சொல்கிறார். இவர்களைப் படையால் வென்றதாகச் சொல்லவில்லை. சத்தியபுத்திரர் யார் என்னும் நீண்ட நாள் வழக்கு 1981-இல் கண்டெடுக்கப்பட்ட ஜம்பைக் கல்வெட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சத்தியபுதோ' என்று அத்தமிழிக் கல்வெட்டு அழைக்கிறது. மறுபுறத்தில், மோரியர் தேர்ச்சக்கரம் உருள மலை வழியைக் குறைத்த செய்தியை மாமூலனார் அகநானூற்றில் பாடுகிறார். ஆக, மௌரியரும் சோழரும் ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள் அல்லர். ஒரே காலத்தில் அருகருகே வாழ்ந்து, ஒருவரை ஒருவர் அறிந்திருந்த அண்டை நாட்டார்.

இந்த அண்டைமை விளையாட்டின் வரிசையில் வாரிசுரிமையாக மாறிவிடுகிறது. வடக்கே தொடங்கித் தெற்கே வந்து மீண்டும் வடக்கே போகும் ஒற்றை வரிசையாக இந்திய வரலாற்றைச் சொல்லும் பழக்கம் நம் பள்ளிப் பாடநூல்களுக்கும் உண்டு. அங்கே தெற்கு ஓர் இடைவேளை மட்டுமே. விளையாட்டின் ஆசிரியர்கள் அந்த நோக்கத்தோடு செய்திருக்கமாட்டார்கள். காலத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு மூன்று பேரரசுகளைத் தெரிந்தார்கள்; அவ்வளவே. கணக்கு நேராக வந்தது, வரலாறு கோணலாயிற்று.

ஆனால் ஒரு தலைவர் வேறொரு நாகரிகத்தின் அரியணையில் அமர்வது வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் யார்? தந்தை வழியில் வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன்; இராசராச நரேந்திரனின் மகன். தாய் அம்மங்கை தேவி முதலாம் இராசேந்திரனின் மகள். சாளுக்கிய இளவரசனாகப் பிறந்தவன் சோழனாக அரை நூற்றாண்டு ஆண்டான். நாகரிகம் என்பது பிறப்பால் ஒட்டிய தோல் அன்று, தெரிந்து பூணும் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதற்கு அவனைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலம் மாறும்போது முந்தைய காலத்தில் ஈட்டிய மரபுப் புள்ளிகளைக் கொண்டு ஆடுபவர் தமக்கு வேண்டிய மரபுகளைத் தெரிந்தெடுத்துக்கொள்கிறார். இதைப் பார்த்தபோது திருவாலங்காட்டுச் செப்பேடுகள் நினைவுக்கு வந்தன. கதிரவனில் தொடங்கி, மனு, சிபி எனப் புராண வேந்தரைக் கடந்து, கரிகாலனையும் கோச்செங்கணானையும் தொட்டு விசயாலயனிடம் வந்து சேர்கிறது அவற்றின் குலவரிசை. 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயனுக்கும் சங்ககாலக் கரிகாலனுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியைப் பிற்காலச் சோழர் தாமே தெரிந்தெடுத்த மரபால் நிரப்பினார்கள். விளையாட்டு இதை அறிந்து செய்ததோ இல்லையோ, மரபு என்பது தெரிவு செய்யப்படுவது என்னும் உண்மையை அது ஆடுபவரின் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

இருண்ட காலம் என்னும் திரை

ஒரு காலம் முடிந்து மறுகாலம் தொடங்கும் இடத்தில், வெளியானபோது இருந்த அமைப்பின்படி, கடுமையான முறிவு ஒன்று நேர்ந்தது. நெருக்கடிகள் தலைதூக்கும், பின் திரை விழும், மீண்டும் எழும்போது படைகள் பல மறைந்திருக்கும், தலைநகர் நீங்கலான நகரங்கள் சிற்றூர்களாகத் தாழ்ந்திருக்கும். இடையில் என்ன நடந்தது என்பதை ஆடுபவர் காண்பதில்லை.

தமிழக வரலாற்றிலும் இத்தகைய திரை ஒன்றை நாம் நெடுங்காலம் தொங்கவிட்டிருந்தோம். களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று எழுதினோம். சங்க காலம் ஒரு பொற்காலம், பிறகு இருள், பிறகு பல்லவரும் பாண்டியரும், பிறகு சோழப் பொற்காலம். ஆனால் அந்த இருளுக்குள்தான் வட்டெழுத்து வளர்ந்தது. சிவகங்கை மாவட்டத்துப் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு அக்காலத்தது. அரசனின் பெயரும் ஆணையும் ஊர்களின் நில உரிமைகளும் அதில் பேசப்படுகின்றன. நீதி நூல்கள் பலவும் சமண பௌத்தப் பள்ளிகளின் கல்வியும் அதே நூற்றாண்டுகளை ஒட்டியவை. விளக்கைக் கொண்டு போகாதவர்களுக்கே அது இருட்டு. விளையாட்டில் விழும் திரை எனக்கு எரிச்சல் தந்தது. அதே திரையை வகுப்பறையில் ஆண்டுதோறும் நாம் இறக்கி ஏற்றுகிறோம் என்பதையும் அது உணர்த்தியது.

ஆடுபவர்களின் எதிர்ப்பும் இங்கேதான் மிகுதியாக எழுந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நாகரிகத்தோடு ஆட வழி செய்வது பற்றிச் சோதித்து வருவதாக 2025-இன் பிற்பகுதியில் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். ஒரே பெயரில் ஆறாயிரம் ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும் என்னும் விருப்பம் அவ்வளவு வலியது. நாட்டுப்பற்றும் மொழிப்பற்றும் அந்த விருப்பத்தின் மீதே கட்டப்படுவன அல்லவா?

வணிகரின் சோழநாடு

இனி விளையாட்டு நன்றாகச் செய்த பகுதிக்கு வருகிறேன். சோழர் என்றதும் யானைப்படையும் கோபுரமும் புலிக்கொடியுமே யாருக்கும் முதலில் தோன்றும். இவ்விளையாட்டின் ஆசிரியர்கள் வணிகரை முதன்மைப்படுத்தினார்கள். சோழரின் தனிச்சிறப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'சமயம்'. இன்றைய வழக்கில் இச்சொல்லுக்கு மதம், நேரம் என்றே பொருள் கொள்வோம். வணிகர் கல்வெட்டுகளிலோ இது கூடிச் செய்த உடன்பாட்டையும் அவ்வுடன்பாட்டால் இணைந்த குழுவையும் குறிக்கும். அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடாமல் யாரோ கல்வெட்டுச் சொல்லடைவு வரை போயிருக்கிறார்கள். போர்க்கப்பலுக்குக் 'கலம்' என்று பெயர். போரிடாத தனி அலகு ஒன்றுக்கு 'ஒற்று' என்று பெயர். திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் படித்த நமக்கு ஒற்று என்றால் வேவு. வணிகமும் வேவும் பழங்காலக் கடல்வழிகளில் ஒரே கலத்தில் பயணம் செய்திருக்கக்கூடும் என்பதால் இதையும் முற்றிலும் பொருந்தாது என்று சொல்லிவிட மனம் வரவில்லை.

மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் ஒரே கட்டத்தில் அமைந்தால் ஐந்நூற்றுவர் வட்டாரம் உருவாகும் என்று முன்பே சொன்னேன். இதற்கு வரலாற்று அடிப்படை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் சோழநாட்டுக்கு வெளியிலிருந்து தொடங்குகிறது. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்தில் இருந்த ஒரு கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டு அய்யன் அடிகள் கொடுத்த உரிமைகளைக் கூறுவது. சேர அரசன் தாணு இரவியின் காலம். அப்பள்ளியின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்துக்கும் அஞ்சுவண்ணத்துக்கும் உரியது. சான்றொப்பமிட்டவர்கள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் தத்தம் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த யூதர், கிறித்தவர், முசுலிம்கள் முதலான வணிகரின் குழு. மணிக்கிராமம் உள்நாட்டு வணிகரின் குழு. ஒரு பள்ளியைக் காக்கப் பல சமயத்தார் ஒப்பமிட்ட அந்த ஏட்டை நினைக்கும்போது 'சமயம்' என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன.

மணிக்கிராமம் அதே நூற்றாண்டில் கீழைக்கடலையும் கடந்துவிட்டது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விடுகிறது. ஐந்நூற்றுவரின் பெயர் கர்நாடகத்து ஐஹொளேயோடு இணைந்தது. தமிழில் 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்பர். சுமத்திராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த அவர்களின் தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது 1088-ஐச் சேர்ந்தது. கலத்தில் வருவோர் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டுப் பொன்னாகச் செலுத்த வேண்டிய தொகையை அது வரையறுக்கிறது. பர்மாவின் பகானில் நானாதேசி விண்ணகரம் என்னும் கோயிலுக்கு மலைமண்டலத்து வணிகர் ஒருவர் மண்டபம் எடுத்த செய்தியைத் தமிழும் வடமொழியும் கலந்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. சீனத்தின் சுவான்சௌ நகரில் உள்ள தமிழ்க் கல்வெட்டு 1281-ஐச் சேர்ந்தது. செகசை கான் என்று தமிழ்ப்படுத்தப்பட்ட மங்கோலியப் பேரரசரின் நலத்துக்காகச் சிவன் திருமேனி எழுந்தருள்விக்கப்பட்டதை அது பதிவுசெய்கிறது. மூன்றாம் இராசேந்திரனோடு சோழ அரசு 1279-இல் முடிந்துவிட்டது. அரசு போன பின்னும் வணிகர் கடலில் இருந்தார்கள்.

விளையாட்டால் சொல்ல முடியாதது இதுதான். அங்கே ஐந்நூற்றுவர் சோழரின் உடைமை. ஆடுபவர் சோழராக இருக்கும்வரைதான் அவ்வட்டாரத்தைக் கட்ட முடியும். வரலாற்றிலோ ஐந்நூற்றுவர் எந்த ஓர் அரசனுக்கும் உரியவர் அல்லர். கன்னட நாட்டிலும் ஈழத்திலும் சேரநாட்டிலும் அவர்களின் கல்வெட்டுகள் இருக்கின்றன. பகை அரசுகளின் எல்லையை அவர்களுடைய வண்டிகளும் கலங்களும் தாண்டிச் சென்றன. வரைபடத்தில் வண்ணம் பூசிய நாடுகளைக் கொண்டு ஆடப்படும் ஆட்டத்தில், வண்ணங்களைக் கடந்து வாழ்ந்த மனிதருக்கு இடம் அமைப்பது எளிதன்று.

யாருடைய நாடுகாண் காலம்?

சோழர் வைக்கப்பட்டிருக்கும் நடுக்காலத்துக்கு நாடுகாண் காலம் என்பது பொருள்படும் பெயர். தொன்மைக் காலத்தில் ஆழ்கடலைக் கடக்க முடியாது. அடுத்த காலம் வந்தால்தான் முடியும். ஆழ்கடலுக்கு அப்பால் தொலைநிலங்கள். அங்கே குடியேறி, அங்கு விளையும் செல்வத்தைக் கருவூலக் கப்பல்களில் ஏற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தால் பொருளாதார மரபுப் புள்ளி. தொலைநிலங்களில் ஊர் அமைத்தாலோ பிடித்தாலோ படைத்துறைப் புள்ளி. இந்தப் படைத்துறைப் பாதைக்கு 'நோன் சுஃபிகித் ஓர்பிஸ்' என்று இலத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகம் போதாது என்பது பொருள். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் விருதுவாக்கு அது. சோழர், மஜபாஹித், ஹவாய், சோங்காய் எனப் பல்வேறு முகங்களை மேடையேற்றிவிட்டு, நாடகத்தை மட்டும் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

தமிழர் கடல் கடந்தது அந்தக் காலத்தில் தொடங்கியது அன்று. எகிப்தின் செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் குசைர் அல் காதிமிலும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. முசிறியிலிருந்து சென்ற ஹெர்மப்பொல்லோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏட்டில் இருக்கிறது. தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்த பொன் உரைகல் ஒன்றில் பெரும்பத்தன் கல் என்று தமிழில் எழுதியிருக்கிறது. ஒருவேளை ஒரு பொற்கொல்லரின் கைக்கருவி. அவர் நாடு பிடிக்கப் போகவில்லை. பருவக்காற்றை அறிந்து, போய், தொழில் செய்து, திரும்பியவர்களுக்கு அந்நிலம் 'புதிதாகக் கண்டறியப்பட்ட'தும் அன்று.

அப்படியானால் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு? அது நடந்தது, கொடும்போர்தான். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி சிறீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று துறைகளை அடுக்குகிறது. அதன் நோக்கம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சீன வணிகத்துக்கு இருந்த தடையை நீக்கவும் அரசனின் திசைவெற்றிக்காகவும் என்று நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். கொள்ளைப் பொருளால் அரசைத் தாங்கும் முயற்சி என்று ஜார்ஜ் ஸ்பென்சர் 1983-இல் எழுதினார். ஆனால் வென்ற துறைகளில் சோழர் நிலையான ஆட்சி அமைத்ததற்குச் சான்று இல்லை. படை எடுப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்புதான் சிறீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தார். அதற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தான். விளையாட்டிலோ மற்றவர் ஊரை மதமாற்றினால்தான் திருப்பொருள் கிட்டும், அதுவே பண்பாட்டுப் பாதை. சைவனான சோழன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்ததை எந்தப் புள்ளியில் கணக்கு வைப்பது?

புள்ளிகளும் மெய்க்கீர்த்திகளும்

இதையெல்லாம் சொல்லும்போது, விளையாட்டு பொய் சொல்கிறது, கல்வெட்டு மெய் சொல்கிறது என்று பிரித்துவிட்டால் அதுவும் எளிமையாக்கலே. மெய்க்கீர்த்தியை எண்ணிப் பாருங்கள். இராசராசன் காலத்தில் நிலைபெற்ற இவ்வடிவம் ஆட்சியாண்டு ஏற ஏற நீண்டுகொண்டே போகும். புதிய வெற்றி கிடைத்தால் புதிய தொடர் சேரும். இது ஒரு வெற்றிப் பட்டியல். அதில் எரிந்த ஊரின் குரல் கேட்காது. அந்தக் குரலைக் கேட்க வேறிடம் போக வேண்டும். கர்நாடகத்து ஹொட்டூரில் உள்ள 1007-ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு, சோழப்படை நாட்டைச் சூறையாடியதையும் பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றதையும் பழியாகச் சுமத்துகிறது. 993-ஐ ஒட்டிய படையெடுப்பில் அநுராதபுரம் அழிவுற்றதையும், 1017-இல் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டதையும் ஈழத்தவர் மறக்கவில்லை. பகைவன் எழுதியதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நம்மவன் எழுதியதை மட்டும் அப்படியே நம்பவும் கூடாது.

விளையாட்டில் விடுபட்ட வேறொன்று ஊர். அங்கே ஒவ்வொரு வயலும் ஆடுபவரின் விரலசைவில் உண்டாகிறது. சோழநாட்டில் ஏரிக்கும் வயலுக்கும் பொறுப்பேற்றவை ஊரும் சபையும் நாடும் நகரமும். முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) வாரியங்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தெரியும் விதிகளைக் கூறுகின்றன. யார் நிற்கலாம், கணக்குக் காட்டாதவர் ஏன் நிற்கலாகாது என்பது வரை அதில் உண்டு. நிலமும் கல்வியும் உடைய அந்தணர் சபை அது. மக்களாட்சி என்று மிகைப்படுத்த வேண்டாம். ஆயினும் பேரரசன் ஒருவன் எல்லாவற்றையும் நகர்த்தவில்லை என்பதற்கு அது போதிய சான்று. பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் சோழ அரசைக் கூறுபட்ட அரசு என்று எழுதியதும், பிறர் அதை மறுத்ததும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பெரிய கோயிலும் விளையாட்டில் உலக அதிசயங்களுள் ஒன்றாக இருக்கிறது, பிரகதீசுவரர் என்னும் பிற்காலப் பெயரோடு. கல்வெட்டுகள் அதை இராசராசேச்சுரம் என்றே அழைக்கும். 1010-இல் விமானத்தின் மேல் செப்புக்குடம் ஏறியது. அதே கோயிலின் சுவரில், பல ஊர்த் தளிகளிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் உள்ளன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு என்பது வரை குறித்திருக்கிறார்கள். அவர்கள் விரும்பி வந்தார்களா என்பதை மட்டும் எழுதவில்லை. விளையாட்டில் கோயில் எழும்பும் காட்சி சில நொடிகளில் முடிந்து புள்ளி ஏறுகிறது. நம்மில் பலரும் கோயிலை அப்படித்தான் பார்க்கிறோம்: உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, எழுத்திருக்கும் அடிச்சுவரைக் குனிந்து பாராமலே திரும்புகிறோம்.

அண்மை ஆண்டுகளில் திரைப்படங்களும் விளையாட்டுகளும் சோழரை இளையோரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. 'பொன்னியின் செல்வன்' 2022-இலும் 2023-இலும் இரு பாகங்களாக வந்தது. இப்போது இது. உலக மேடையில் நம் பெயர் வந்துவிட்டது என்னும் பெருமிதம் இயல்பானது; அதை நான் குறை கூறவில்லை. பெருமிதத்தோடு நின்றுவிட்டால்தான் இழப்பு. மாணவர் ஒருவர் மணிக்கிராமத்தைக் கட்டிவிட்டு அது என்ன என்று கேட்டால், அந்தக் கேள்விக்காகவே இவ்விளையாட்டை மன்னிக்கலாம். அப்போது அவர் கையில் கொடுக்க நம்மிடம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் எளிய பதிப்பு இருக்க வேண்டும். லோபு துவாக் கல்வெட்டின் உரை இருக்க வேண்டும். ஹொட்டூர்க் கல்வெட்டின் மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும். அவை தமிழில், ஒரு கல்லூரி மாணவர் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில், எளிதில் கிடைக்கின்றனவா? மேரிலாந்தில் இருப்பவர்கள் தங்கள் பங்குக்கு ஓர் ஆட்டம் செய்து தந்துவிட்டார்கள். அடுத்த முறை நம்முடையது.